சபாபதி லைப்ரரி காப்பாற்றப்பட்ட விதம்

மந்தைவெளியில் சபாபதி லைப்ரரியை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, அதற்காகக் கவலைப்பட்டவர்கள் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் நூலகர் கருணாகரன். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி இருக்கையில் தன்னை எந்தக் கோடிக்குத் தூக்கியடிப்பார்களோ என்று அவருக்குக் கவலை. இன்னொருத்தி சிம்ரா. உட்கார்ந்து படிக்க அவளுக்கு அதை விட்டால் வேறு இடம் கிடையாது.

கட்டிடம் எந்த இலாகாவுக்குச் சொந்தமோ, அந்த இலாகா அங்கே ஐந்தடுக்குக் கார் நிறுத்தம் கட்டத் தீர்மானித்திருந்தது. கார்கள் வெயிலில் நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று தெருப் பெரிய மனிதர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். மனிதர்கள் உட்கார இடமில்லாமல் இருப்பதைப் பற்றி அதுவரை யாரும் மனுக் கொடுக்கவில்லை. அந்தக் குறையைச் சிம்ரா தீர்த்து வைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. அண்ணன் வீட்டில் ஒற்றை அறையில் ஆறு பேர், இரண்டு தையல் மெஷின், எந்நேரமும் ஓடுகிற டிவி. மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைப்பாள். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை லைப்ரரியில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிப்பாள். போன தடவை இரண்டு மார்க்கில் போய்விட்டது. கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. “இந்தத் தடவ வுட்டேன்னா ஆயுசுக்கும் ஃபால்ஸ்தான் பாபி” என்று அண்ணியிடம் சொல்வாள். பாபி மெஷினை நிறுத்தாமலே “ஹூம்” என்பாள்.

மனுவையும் தேர்வுக்குப் பதில் எழுதுகிற மாதிரிதான் எழுதினாள். முதலில் வருஷம். வாசல் கல்லில் 1934 என்று பொறித்திருக்கிறது, ஆகவே இடிக்கக் கூடாது. இரண்டு, ஃபேன் சுற்றவில்லை. மூன்று, பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. நான்கு, கைடுகள் ரொம்பப் பழசு. மனுக்களில் முதல் வரியைத் தாண்டி யாரும் படிப்பதில்லை என்பது எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் போடாததால் அவளுக்குத் தெரியவில்லை. மனு மேசை மேசையாக நகர்ந்து, கடைசியில் நூலக மரபு மீட்புப் பேரவை என்ற இடத்தில் போய் விழுந்தது.

பேரவைத் தலைவர் சித்தார்த்தன் ஓய்வு பெற்ற உயர் அதிகாரி. பணியில் இருந்த முப்பது வருஷமும் எந்தக் கோப்பையும் நகரவிடாமல் வைத்த இடத்திலேயே வைத்திருந்தவர். பழையதைப் பாதுகாக்க இவரை விட்டால் ஆளில்லை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு கொடுத்த பதவி அது. அவருக்கு வலது கையாகப் பூஜா என்ற நிபுணர். வெளிநாட்டில் பழம்பொருள் பாதுகாப்புக் கலை படித்துவிட்டு, காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் கருவி ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார்.

முதல் கூட்டம் லைப்ரரி ஹாலிலேயே நடந்தது. சித்தார்த்தன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“நண்பர்களே! கையில் போன் இருக்கும்போது நூலகம் எதற்கு என்று கேட்கிறார்கள். பதில் மிக எளிது. அந்தக் காலத்தில் நூலகம் இருந்தது. ஆகவே இந்தக் காலத்திலும் இருக்க வேண்டும். இதற்கு மேல் ஒரு வாதம் உண்டா? தாத்தா படித்தார் என்பதைவிடப் பேரன் படிப்பது முக்கியமா என்ன?”

பேரவை உறுப்பினர்கள் பதினோரு பேரும் கை தட்டினார்கள். சிம்ராவும் தட்டினாள். இடிக்க மாட்டார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குப் புரிந்தது. கூட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கிப் பூஜாவிடம் போனாள்.

“மேடம், அந்த ஃபேனு மட்டும் கொஞ்சம் ரிப்பேர் பண்ணிட்டா…”

பூஜா அண்ணாந்து பார்த்தார். முகம் சுருங்கியது. “ஐயையோ, இது எப்படி இங்க வந்துச்சு? தர்ட்டி ஃபோர்ல இந்த ஹால்ல ஃபேனே கிடையாது. இது பிற்காலச் சேர்க்கை. நல்லவேளை சொன்னீங்க.”

மறுநாள் ஃபேன் இல்லை. அதற்கு அடுத்த நாள் டியூப்லைட் இல்லை. பிறகு ஹாலில் இருந்த ஒவ்வொரு பொருளும் வயது கேட்கப்பட்டு, பதில் சொல்ல முடியாதவை வெளியே போயின. தேர்வுக் கைடுகள் எல்லாம் பிற்காலச் சேர்க்கை என்று சாக்கில் கட்டப்பட்டன. பெண்கள் கழிப்பறையைப் பூட்டோடு சேர்த்து இடித்தார்கள். பின்பக்கத்துக் குழந்தைகள் பகுதி ரொம்பப் பின்னால் கட்டியது, அதற்கு மரபே கிடையாது என்பதால் அதையும் தரைமட்டமாக்கி, மரபைப் பார்க்க வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் ஒதுக்கினார்கள். சிம்ரா தன் நோட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, வியர்க்க வியர்க்க ஜன்னல் வெளிச்சத்தில் படித்தாள். நாற்காலி இருந்தது. அது போதும் என்று நினைத்தாள்.

இந்த நேரத்தில்தான் பேரவையின் கையில் வருகைப் பதிவேடு சிக்கியது.

அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சபாபதி லைப்ரரிக்கு ஒரு நாளில் நிஜமாக வருகிறவர்கள் ஐந்து பேர். சிம்ரா, தேர்வுக்குப் படிக்கிற இரண்டு பையன்கள், பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற ஒரு தபால் இலாகா ஓய்வூதியர், போன் சார்ஜ் போட வருகிற ஒருவர். ஆனால் நாளொன்றுக்கு எழுபது பேருக்குக் குறைந்தால் மேலிடத்திலிருந்து ஓலை வரும். அதனால் கருணாகரன் இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் சாயங்காலம் மூன்று நிறப் பேனாக்களோடு உட்கார்ந்து, மீதி அறுபத்தொன்பது கையெழுத்தையும் தானே போட்டு எழுபத்து நாலாக்குவார். மச்சினன்கள், சம்பந்தி, ஒன்றாம் வகுப்பு வாத்தியார் என்று தெரிந்த பெயர் எல்லாம் போடுவார். அதில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பதிவேட்டில் மட்டும் நாள் தவறாமல் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தார்த்தன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கண் கலங்கிவிட்டது.

“பூஜா, இந்தக் கையெழுத்தைப் பாருங்கள். இருபத்திரண்டு வருஷம், எத்தனை மனிதர்கள், எல்லாவற்றிலும் ஒரே சாய்வு! மந்தைவெளி மக்களுக்கென்று தனி எழுத்து மரபே இருந்திருக்கிறது. நாம்தான் கவனிக்கவில்லை!”

கருணாகரன் தும்முவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூஜாவின் மூளை வேறு பக்கம் ஓடியது. கழுத்துக் கருவியைத் தட்டினார், கணக்குப் போட்டார். “சார், ஒரு நாளைக்கு எழுபத்து நாலு பேர், ஆளுக்கு மூணு மணி நேரம். அவங்க விடுற மூச்சுல மட்டும் வருஷத்துக்கு ஆயிரத்து முந்நூறு லிட்டர் தண்ணி. புத்தகத்தை எல்லாம் நாம தொட்டியில ஊறப் போட்டு வெச்சிருக்கோம்!”

அன்று சித்தார்த்தன் நிகழ்த்திய உரை பேரவையின் மலரில் முழுசாக வந்திருக்கிறது. “நூலகத்தின் முதல் எதிரி யார்? கரையானா? கரையானுக்கு ஒரு நாகரிகம் உண்டு, ஒரு மூலையில் தொடங்கி மெதுவாகத் தின்னும். வாசகர் அப்படியில்லை. எடுக்கிறார், விரிக்கிறார், எச்சில் தொட்டுப் புரட்டுகிறார், போதாக்குறைக்கு மூச்சு வேறு விடுகிறார். தொண்ணூறு வருஷமாக இந்த வன்முறையைத் தாங்கிய நூலகத்துக்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன? வாசகரிடமிருந்து அதற்கு விடுதலை!”

நாளொன்றுக்கு ஏழு பேருக்கு மேல் மூச்சுவிடக் கூடாது என்று முடிவாயிற்று. அதைக் கேட்டதும் சிம்ராவுக்கு உயிர் வந்தது. வருவதே ஐந்து பேர்தானே. ஆனால் பேரவை எதையும் முறைப்படி செய்கிற பேரவை. பதிவேட்டில் உள்ள பெயர்களைச் சீட்டு எழுதி, பித்தளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஏழு பேருக்கு நிரந்தர அனுமதி அட்டை என்று அறிவித்தார்கள். ஏழு சீட்டும் கருணாகரன் எழுதிய பெயர்களுக்கே, அதிலும் போய்ச் சேர்ந்தவர்களுக்கே விழுந்தன. முதல் அட்டை ஒன்றாம் வகுப்பு வாத்தியார் எஸ்.முருகேசனுக்கு. அவர் காலமாகிப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.

சிம்ரா கருணாகரனைத் தனியாகப் பிடித்தாள்.

“அண்ணே, அந்த ஏழு பேருல ஒருத்தரும் உசுரோட இல்லேன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லிடுங்கண்ணே. பரிச்சைக்கு ரெண்டு மாசம்கூட இல்ல.”

“சொல்லலாம்மா. சொன்னா இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேத்து என்னைய சஸ்பெண்ட் பண்ணுவான். பென்ஷன் போய்டும்.” கையைப் பிசைந்தார். “கொஞ்சம் பொறுத்துக்க. முருகேசன் சார் எப்படியும் வரப் போறதில்ல.”

“அவுரு வரலேன்னா அந்த எடத்துல நான் ஒக்காரலாமா?”

“அது எப்படிம்மா? அட்டை அவர் பேர்ல இருக்கே.”

கேட்டில் செக்யூரிட்டி போட்டாயிற்று. இரண்டு பையன்களும் வேறு இடம் தேடிப் போனார்கள். தபால் ஓய்வூதியர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் தூங்கப் பழகிக்கொண்டார். சிம்ரா மட்டும் பதினோரு நாள் லைப்ரரி வாசலில், டீக்கடை இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். தண்ணீர் லாரி ஹாரனும் கஸ்டமர் சத்தமும் காதைப் பிய்த்தன. படித்தது தலையில் நிற்கவில்லை. உள்ளே ஏழு நாற்காலிகள் ஏழு செத்தவர்களுக்காகக் காலியாக இருந்தன. பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பன்னிரண்டாம் நாள் சித்தார்த்தனே கேட்டுக்கு வெளியே வந்தார். டெல்லியிலிருந்து மரபுத் தர நிர்ணயக் குழுவின் விதிமுறைகள் வந்திருந்தன. நூறு மதிப்பெண்ணில் நாற்பது ‘வாழும் மரபு’க்கு. வாழும் மரபு என்றால் உயிரோடு ஒரு வாசகர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் தரம் கிடைத்தால் லைப்ரரியை எவனும் தொட முடியாது. கிடைக்காவிட்டால் கார் நிறுத்தம்தான்.

“ஏழு பேருக்கு அட்டை கொடுத்தோம், ஒருத்தராவது எட்டிப் பார்த்தாரா? நன்றி கெட்ட ஜனங்கள்” என்று சலித்துக்கொண்டவர், ஸ்டூலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த சிம்ராவை மேலும் கீழும் பார்த்தார். “அம்மா, உங்களுக்குப் படிக்கிற பழக்கம் உண்டா?”

சிம்ரா பாரம்பரிய வாசகியாக நியமிக்கப்பட்டாள். அவளுடைய அதே நாற்காலி, சுற்றிலும் சிவப்புக் கயிறு. அன்று வீட்டுக்குப் போய் பாபிக்குச் சேமியா வாங்கிக் கொடுத்தாள். அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை எட்டு மணி வரை நீடித்தது. நோட்டைத் திறந்ததும் பூஜா ஓடி வந்தார்.

“இதெல்லாம் ஃப்ரேமுக்குள்ள வரக் கூடாது. நீங்க இதைப் படிங்க.”

மாட்டுக்கு வரும் நோய்களைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றை மேசையில் விரித்து வைத்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். தாள் பொடிந்துவிடும் என்பதால் புரட்டக் கூடாது. கை படக் கூடாது. மூச்சைப் பக்கவாட்டில் விட வேண்டும். மூன்று மணி நேரமும் கண் வரிகளின் மேல் நகர வேண்டும், கேமரா வந்தால் இன்னும் கொஞ்சம் மெதுவாக.

“மேடம், ஒரே பக்கத்த எத்தினி தபா படிக்கிறது?”

“இதுதாங்க ஆழ்ந்த வாசிப்பு. இப்போ யாருக்கும் அந்தப் பொறுமையே இல்ல.”

கோமாரி நோயின் அறிகுறிகள் சிம்ராவுக்குத் தலைகீழ்ப் பாடமாயின. குரூப் ஃபோரில் கோமாரி கேட்பதில்லை. ஆனாலும் தினமும் வந்தாள். டெல்லிக்காரர் வந்து தரம் கொடுத்துவிட்டுப் போனதும் பழையபடி கைடுகளோடு தனி அறை ஒதுக்குவதாகச் சித்தார்த்தன் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் விடியற்காலையில் எழுந்து, பாபியின் மெஷின் ஓட ஆரம்பிப்பதற்குள் இரண்டு மணி நேரம் படித்துச் சமாளித்தாள். இரண்டு மார்க்தானே, எப்படியும் தாண்டிவிடலாம்.

தர நிர்ணயத்துக்கு நாள் குறித்தார்கள். குரூப் ஃபோர் தேர்வும் அதே ஞாயிற்றுக்கிழமை.

“இதற்கா முகம் வாடுகிறீர்கள்?” என்று சித்தார்த்தன் சிரித்தார். “மதிப்பீட்டாளர் எட்டு மணிக்கு வருகிறார், எட்டேகாலுக்கு முடிந்துவிடும். உங்கள் சென்டர் எங்கே, ஈக்காட்டுத்தாங்கலா? என் காரிலேயே கொண்டு விடச் சொல்கிறேன்.”

அங்கே பள்ளிக்கூட கேட்டை ஒன்பது மணிக்குச் சாத்திவிடுவார்கள். ஒரு நிமிஷம் தாமதமானாலும் விடமாட்டார்கள். சிம்ரா ஹால் டிக்கெட்டையும் கறுப்புப் பேனாவையும் பையில் வைத்துக்கொண்டு ஏழரைக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு மணி ஆயிற்று. எட்டேகால் ஆயிற்று. எட்டரைக்கு எழுந்துவிட்டாள்.

“அண்ணே, நான் கெளம்புறேன். இதுக்கு மேல தாங்காது.”

கருணாகரன் கயிற்றுக்குக் குறுக்கே நின்றார். “அஞ்சே நிமிஷம்மா. மயிலாப்பூர்ல டிபன் சாப்டுக்கினு கீறாராம். நீ போயிட்டா நாப்பது மார்க் போச்சு. நாளைக்கே புல்டோசர் வந்து நிக்கும். அப்புறம் உனக்கும் இல்ல, எவனுக்கும் இல்ல.”

அவரைத் தள்ளிவிட்டு ஓடியிருக்கலாம். வாசலில் ஆட்டோ நின்றது. அவள் ஓடவில்லை. மனுவை எழுதியவள் தான்தானே, தன்னால் இது இடிபடக் கூடாது, தன்னைப் போல நாலு பேருக்கு நாளைக்கு இந்த நாற்காலி வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். இப்படி நினைக்கிறவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பதால்தான் பேரவைகள் நடக்கின்றன.

மதிப்பீட்டாளர் தங்கவேல் ஒன்பது ஐந்துக்கு வந்தார். வடையும் காபியும் முகத்தில் தெரிந்தன. மாலை போட்டார்கள். ஹாலைச் சுற்றிப் பார்த்தார், அலமாரிகளை முகர்ந்து பார்த்தார், தலையாட்டினார். சிவப்புக் கயிற்றருகே வந்ததும் நின்றுவிட்டார். கோப்பை விரித்தார்.

“முப்பத்து நாலுல இந்த ஹாலுக்குள்ள பெண்களுக்கு அனுமதி கிடையாதே. முதல் பெண் உறுப்பினர் ஐம்பத்தொண்ணுலதானே சேர்ந்திருக்காங்க?” பேனாவால் சிம்ராவைச் சுட்டினார். “இந்தம்மா பிற்காலச் சேர்க்கை.”

பூஜாவுக்கு வியர்த்துவிட்டது. “ஸாரி சார். மிஸ் பண்ணிட்டோம்.”

சித்தார்த்தன் அசருகிற ஆளில்லை. இரண்டே நிமிஷத்தில் அவருடைய டிரைவருக்கு வேட்டியும் தலைப்பாகையும் கட்டி நாற்காலியில் உட்கார்த்திவிட்டார்கள். சிம்ராவைக் கயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார்கள். சுவர்க் கடிகாரமும் பிற்காலச் சேர்க்கையாகிப் போயிருந்ததால் அவள் போனை எடுத்து மணி பார்த்தாள். ஒன்பது பதினாலு. இனி எந்தக் காரில் போனாலும் ஒன்றுதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். கண் மறைத்தது, வாசற்படி தெரியவில்லை.

அதற்குள் தங்கவேல் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தார். “முப்பத்து நாலு சம்பளப் பட்டியல்ல பாருங்க. பெருக்குறவர் ஒருவர், பெண்.”

“அம்மா, நில்லுங்கள்!” சித்தார்த்தன் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பல். “உங்களுக்கு இடம் இருக்கிறது! உங்களை நாங்கள் கைவிடுவோமா?”

ஒரு துடைப்பத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். பையைப் பிடுங்கி மேசைக்கடியில் மறைத்தார்கள். சிம்ரா துடைப்பத்தோடு நின்றாள். நாற்காலியில் டிரைவர் கோமாரியின் மேல் கண் செருகித் தூங்கி வழிந்தார். எவ்வளவு ஆழ்ந்த வாசிப்பு என்று தங்கவேல் மெய்மறந்தார். பிறகு நல்ல மனசோடு சிம்ராவின் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்கம்மா, இந்த லைப்ரரி உங்களுக்கு எப்படி?”

“சார், நான் இங்க படிக்கத்தான்…”

“அவங்களுக்குப் படிக்கத் தெரியாது சார்” என்று சித்தார்த்தன் குறுக்கே விழுந்தார். “அந்தக் காலத்துப் பெருக்குகிறவர்களுக்கு எழுத்து வாசனை ஏது? அந்த நுணுக்கம் வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறோம்.”

தங்கவேல் நாற்பதுக்கு நாற்பது போட்டார்.

முதல் தரச் சான்றிதழைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்து வந்தார்கள். பேரவை உறுப்பினர்கள் பதினோரு பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவரும் படிக்கவில்லை. கருணாகரன் போட்டார், பழக்கதோஷத்தில் இரண்டு இடத்தில். கடைசியாகப் ‘பொதுமக்கள் பிரதிநிதி’ என்று ஓர் இடம் காலியாக இருந்தது. சித்தார்த்தன் தாளைச் சிம்ராவின் முன்னால் நீட்டினார்.

நாலு வருஷம் தேர்வுக்குப் படித்த கண் அது. ஒரு தாளைக் கண்டால் தானே ஓடும். மூன்றாவது பத்தியில் போய் நின்றது. ‘பொதுமக்களின் வேண்டுகோளுக்கிணங்க, இவ்வளாகத்தில் வாசிப்பு தொடர்பான எந்த நடவடிக்கையும் இனி நிரந்தரமாக அனுமதிக்கப்படமாட்டாது.’

“சார், இதுல படிக்கவே வுடமாட்டோம்னு எழுதிக்கீது சார்!” அவள் குரல் உடைந்தது. “நாங்க கேட்டோம்னு வேற போட்டுக்கீது. நான் எங்க கேட்டேன்? யாராச்சும் ஒருத்தராச்சும் படிச்சுப் பாருங்க சார்!”

பதினோரு பேரும் அவளைப் பார்த்தார்கள், தாளைப் பார்க்கவில்லை. சித்தார்த்தன் குனிந்து, குழந்தைக்குச் சொல்வது போல மெல்லச் சொன்னார். “உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே அம்மா. நாற்பது மதிப்பெண், மறந்துவிடாதீர்கள்.” சொல்லிக்கொண்டே அவளுடைய இடது கையைப் பிடித்து, கட்டைவிரலை மைப்பெட்டியில் ஒற்றி, தாளில் வைத்து அழுத்தினார்.

கைநாட்டு ரொம்பத் தெளிவாக விழுந்திருக்கிறது என்று தங்கவேல் பாராட்டினார்.